கழுத்துக்கும் கன்னத்துக்கும் ஒரே சவரம் சரிப்படாது

கேள்வி: எனக்கு 27 வயது. வீடு பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை. கஞ்சிக்கோட்டில் ஒரு உணவுப் பொருள் கம்பெனியில் பாக்கிங் வேலை. தினமும் மீசை, தாடி இல்லாமல்தான் உள்ளே விடுவார்கள். கன்னம் சுலபமாக வந்துவிடுகிறது. தொண்டை முடிச்சு, தாடை ஓரம், மூக்குக்கு அடியில் என்று இந்த இடங்களில் மட்டும் எத்தனை தடவை இழுத்தாலும் சொரசொரப்பு போவதில்லை. அழுத்தினால் ரத்தம் வருகிறது. மலைக்குப் போய் வந்து மாலை கழற்றிய அன்றே நாலு பிளேடு ரேசரில் வழித்தேன். மறுநாள் கழுத்து பூராவும் சிவப்புப் பொரி. இப்போது பழைய மாதிரி ஒற்றை பிளேடு மாட்டும் ஸ்டீல் ரேசர் வாங்கியிருக்கிறேன். ஆனால் நுரை எழும்பியதும் அடங்கிவிடுகிறது. வீட்டில் போர் தண்ணீர்தான். என்ன செய்யலாம் அண்ணா?

பதில்: தம்பி, ரேசரை மாற்றியது நல்ல முடிவு. ஆனால் அந்த ரேசரைக் கழுத்துப் பக்கம் இப்போதே கொண்டுபோக வேண்டாம். பொரி இருக்கும் தோலில் எந்தக் கத்தி பட்டாலும் பொரியின் தலைதான் சீவப்படும், அதிலிருந்து அடுத்த புண் கிளம்பும். சிவப்பு அடங்கும்வரை கழுத்தில் டிரிம்மரை மட்டும் ஓட்டுங்கள். அதுவும் ஒரு மில்லிமீட்டர் முடி நிற்கிற மாதிரி. லேசான பொரியென்றால் சில நாளில் அடங்கும். நன்றாகத் தடித்திருந்தால் மூன்று, நான்கு வாரம்கூட ஆகலாம். கம்பெனியில் சூப்பர்வைசரிடம் கழுத்தைக் காட்டிப் பேசுங்கள். உணவுப் பொருள் தொழிற்சாலைகளில் தலைக்கு வலை போடுவது போலத் தாடிக்கும் வலை உண்டு. கொஞ்ச நாளைக்கு அதைப் போட்டுக்கொள்ள விடுவார்களா என்று கேட்பதில் தப்பில்லை.

அந்தப் பொரி ஏன் வந்தது என்று தெரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். மண்டல விரதத்தில் 41 நாள் வளர்ந்த முடி ஒரு சென்டிமீட்டருக்கு மேல் இருக்கும். அதை நேராக நாலு பிளேடு ரேசரில் வழித்தால் பிளேடுகளின் இடுக்கில் முடி அடைத்துக்கொள்ளும். அடைத்த ரேசர் வெட்டாது, பிடுங்கும். வெட்டவில்லையே என்று நாம் அழுத்துவோம். இன்னொன்று, அடுக்கு பிளேடு ரேசரில் முன் பிளேடு முடியைப் பிடித்துச் சற்று வெளியே இழுக்கும், பின்னால் வரும் பிளேடு அதை வெட்டும். வெட்டுப்பட்ட முடி தோல் மட்டத்துக்குக் கீழே போய் ஒளிந்துகொள்ளும். கன்னத்தில் அது நேராகத் திரும்ப வளரும், தொந்தரவு இல்லை. கழுத்தில் முடி சாய்ந்தும் சுருண்டும் கிடப்பதால், கூர்மையான நுனி வெளியே வராமல் பக்கத்துத் தோலைக் குத்திக்கொண்டு உள்ளேயே வளரும். உடம்பு அதை முள் குத்தியது மாதிரி எடுத்துக்கொண்டு வீங்கும். உங்கள் பொரி அநேகமாக இதுதான். அடுத்த வருஷம் மாலை கழற்றியதும் முதலில் டிரிம்மரால் ஒட்டக் கத்தரித்துவிட்டு, முகத்தைக் கழுவி, பிறகு நுரை போடுங்கள்.

நுரை அடங்குவதற்குக் காரணம் உங்கள் போர் தண்ணீர். கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி பக்கமெல்லாம் மேற்கே இருக்கும் ஊர்களைப் போல மழை கொட்டுகிற இடமில்லை. ஆழத்திலிருந்து எடுக்கிற தண்ணீரில் சுண்ணாம்புச் சத்தும் மெக்னீசியமும் கூடுதல். சோப்பு அந்த உப்புகளோடு சேர்ந்து வெள்ளைப் பிசுக்காக மாறிவிடும். நுரைக்குப் போக வேண்டிய சோப்பு பிசுக்குக்குப் போய்விடுகிறது. டியூபில் வரும் ஷேவிங் கிரீமும் பெரும்பாலும் சோப்பு அடிப்படைதான், அதனால் கிரீமுக்கு மாறினாலும் இதே கதை. காய்ச்சினால் சரியாகுமா என்றால், பாதி சரியாகும். ஒருவகை உப்பு காய்ச்சும்போது அடியில் படிந்துவிடும், இன்னொரு வகை அப்படியே நிற்கும். சுலபமான வழி, குடிக்க வைத்திருக்கும் ஆர்.ஓ. தண்ணீரில் அரை டம்ளர், அதாவது 100 மில்லி எடுத்து லேசாகச் சூடாக்கி பிரஷுக்கு அதை மட்டும் பயன்படுத்துவது. இடவப்பாதி மழையில், அதாவது தென்மேற்குப் பருவமழையில் பிடித்து வைத்த தண்ணீர் இருந்தால் அதைவிட நல்லது எதுவும் இல்லை. முகம் கழுவவும் ரேசர் அலசவும் போர் தண்ணீரே போதும்.

இனி முடியை ஊறவைப்பது. காய்ந்த தாடி முடி விறைப்பாக இருக்கும். நன்றாக நனைந்தால் தண்ணீரைக் குடித்து உப்பி மிருதுவாகிவிடும். அதற்கு இரண்டு மூன்று நிமிஷம் வேண்டும். குளித்து முடித்தவுடன் சவரம் செய்தால் இந்த வேலை தானாக முடிந்திருக்கும். குளிக்காத நாளில் வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துண்டை இரண்டு நிமிஷம் தாடையிலும் கழுத்திலும் வைத்திருங்கள். கொதிக்கக் கொதிக்க வேண்டாம், தோல் சிவந்து உப்பினால் கத்தி சுலபமாகக் கீறிவிடும். சவரத்துக்கு முன்னால் தேங்காயெண்ணெய் தடவும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். எண்ணெய் நுரையை அடக்கிவிடும், முடிக்குள் தண்ணீர் இறங்குவதையும் தடுக்கும்.

பிரஷை அந்த நல்ல தண்ணீரில் இரண்டு நிமிஷம் ஊறவைத்து உதறுங்கள். கிரீம் ஒரு பாதாம் பருப்பு அளவு போதும். கட்டி சோப்பு என்றால் பிரஷை அதன்மேல் அரை நிமிஷம் சுழற்றுங்கள். பிறகு முகத்திலோ கிண்ணத்திலோ குழைத்துக்கொண்டு, தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகச் சேர்க்க வேண்டும். குமிழி தெரிந்தால் அது காற்று. கத்திக்கு அடியில் உடைந்துபோகும். கெட்டித் தயிர் மாதிரி, குமிழி இல்லாமல் பளபளப்பாக வந்தால் சரி. நுரையைக் கழுத்தில் கீழிருந்து மேலாகத் தேய்த்தும், மேலுதட்டிலும் தாடை நுனியிலும் கொஞ்சம் கூடுதலாக விட்டும் வையுங்கள். அந்த இரண்டு இடத்திலும்தான் முடி மிகத் தடிப்பு. நுரை போடுவதில் முதலிடமும் கத்தி வைப்பதில் கடைசி இடமும் அவற்றுக்குக் கொடுத்தால் ஊறும் நேரம் கூடுகிறது.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் முகத்தில் முடி எந்தப் பக்கம் சாய்ந்து வளர்கிறது என்று பார்த்திருக்கிறீர்களா? அதைத்தான் முடியின் வாட்டம் என்கிறேன். ஒருநாள் லீவில் இரண்டு நாள் முடியை விட்டுவைத்து, வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று விரல் நுனியால் நாலு பக்கமும் தடவிப் பாருங்கள். விரல் வழுக்கிப் போகும் பக்கம் வாட்டம். தடுக்கும் பக்கம் எதிர். சந்தேகமான இடத்தில் ஒரு துண்டுப் பஞ்சை இழுத்தால் எதிர்ப்பக்கம் நூல் பிடிக்கும். பெரும்பாலோருக்குக் கன்னத்தில் மேலிருந்து கீழ். ஆனால் கழுத்தில் அப்படி இருக்காது. பலருக்குத் தொண்டை முடிச்சுக்குக் கீழே முடி கீழிருந்து மேலாக வளரும், காதுக்கடியில் பின்பக்கமாகப் படுத்திருக்கும், தாடைக்கு அடியில் ஒரு பக்கம் சுழி விழுந்திருக்கும். இடது கழுத்தும் வலது கழுத்தும்கூட ஒன்று போல் இருப்பதில்லை. ஒரு தாளில் முகம் வரைந்து அம்புக்குறி போட்டு கண்ணாடி ஓரத்தில் ஒட்டிவிடுங்கள். இந்த ஒரு வேலையைச் செய்யாமல் எவ்வளவு விலையுயர்ந்த ரேசர் வாங்கினாலும் கழுத்து சரியாகாது. கன்னத்தில் இழுப்பது போலவே கழுத்திலும் மேலிருந்து கீழே இழுத்துக்கொண்டிருந்தால், முதல் இழுப்பிலேயே எதிர்ச்சவரம் செய்கிறீர்கள் என்று அர்த்தம். சொரசொரப்பும் ரத்தமும் சேர்ந்து வருவதற்கு இதைவிடப் பொதுவான காரணம் இல்லை.

ரேசரைப் பற்றிச் சுருக்கமாக. மூன்று துண்டு ரேசர் என்றால் மூடி, அடித்தட்டு, கைப்பிடி. பிளேடு மாட்டி முறுக்கியபின் வெளிச்சத்தில் பிடித்து, இரண்டு பக்கமும் பிளேடு ஒரே அளவு வெளியே தெரிகிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் கூடுதலாக நீட்டிக்கொண்டிருந்தால் அந்தப் பக்கம் கீறும், மறுபக்கம் வழிக்காது. கழற்றி மறுபடி மாட்டினால் சரியாகிவிடும். கோணம் கண்டுபிடிக்க, கைப்பிடியைக் கன்னத்துக்கு நேர்குத்தாக நிறுத்தி மூடி மட்டும் தோலில் படும்படி வையுங்கள். அங்கிருந்து கைப்பிடியை மெல்லக் கீழே இறக்கிக்கொண்டே இழுத்தால் ஒரு கட்டத்தில் முடி வெட்டுப்படும் சத்தம் கேட்கும். அதுதான் கோணம், தோலுக்கும் பிளேடுக்கும் சுமார் 30 டிகிரி. அழுத்தம் வேண்டவே வேண்டாம், ரேசரின் எடையே போதும். கைப்பிடியை நுனிப்பக்கம் இரண்டு மூன்று விரலால் பிடித்தால் அழுத்த நினைத்தாலும் முடியாது. ஒரு பிளேடு, கடினமான தாடிக்கு மூன்று சவரம் வரும், அதிகம் போனால் ஐந்து. முடி இழுபடுவது போல் இருந்தால் எண்ணிக்கை பார்க்காமல் மாற்றுங்கள். இரண்டு மூன்று கம்பெனிப் பிளேடு ஒவ்வொரு பாக்கெட் வாங்கிப் பாருங்கள். ஒரே ரேசரில் ஒன்று பொருந்தும், மற்றொன்று கீறும்.

ஒட்டச் சவரம் என்பது ஒரே இழுப்பில் வருவதல்ல. முதல் சுற்று வாட்டத்தோடு, முகம் அலசி மறுபடி நுரை போட்டு இரண்டாம் சுற்று வாட்டத்துக்குக் குறுக்காக, மூன்றாவது எதிராக. ஒவ்வொரு சுற்றிலும் முடி கொஞ்சம் குட்டையாகிறது, அவ்வளவுதான். நுரை இல்லாத இடத்தில் ஒரு இழுப்புகூடக் கூடாது. நீங்கள் செய்ய வேண்டியது கன்னத்தில் மூன்று சுற்று, கழுத்தில் இரண்டோடு நிறுத்திக்கொள்வது. கழுத்தில் எதிர்ச்சவரம் உங்களுக்கு வேண்டாம் என்று உறுதியாகச் சொல்கிறேன். குறுக்கு இழுப்போடு நிறுத்தினால் கையால் மேல்நோக்கித் தடவும்போது லேசாகத் தட்டுப்படும், கண்ணுக்குத் தெரியாது. கம்பெனி வாசலில் யாரும் கழுத்தைத் தடவிப் பார்க்கப் போவதில்லை. அந்தக் கடைசித் துளி வழுவழுப்புக்காகத்தான் பொரி வருகிறது.

தொண்டை முடிச்சு. தலையை முழுக்கப் பின்னால் சாய்ப்பதுதான் எல்லோரும் செய்வது. அப்போது முடிச்சு இன்னும் துருத்தும், தோல் இறுகிப் பிளேடு மேட்டின் நுனியைச் சீவும். பாதி சாய்த்தால் போதும். இடக்கை இரண்டு விரலால் முடிச்சின் மேல் இருக்கும் தோலை வலப்பக்கம் நகர்த்துங்கள். தோல் நகரும், முடிச்சு நகராது. நகர்ந்த தோல் இப்போது சமதளத்தில் இருக்கிறது, அங்கே வைத்து வழியுங்கள். பிறகு இடப்பக்கம் நகர்த்தி மிச்சத்தை எடுங்கள். வழுக்கினால் விரலை உலர்ந்த துணியில் துடைத்துக்கொண்டு பிடிக்க வேண்டும். கொஞ்சம் படிகாரம் தொட்டுக்கொண்டால் பிடி நழுவாது. எச்சில் விழுங்கி அந்த நிலையிலேயே நிறுத்தினால் முடிச்சு மேலே ஏறி நிற்கும், கீழ்ப்பாகத்தை அப்போது முடிக்கலாம். ஒவ்வொரு இழுப்பும் ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. உங்கள் வாட்டம் கீழிருந்து மேல் என்றால், கழுத்தெலும்புப் பக்கத்திலிருந்து மேலே ஏற்றுவதுதான் முதல் சுற்று.

தாடை ஓரத்தில் தோற்பது வேறு காரணத்தால். கன்னத்திலிருந்து இறங்கி வரும் ரேசர் எலும்பைத் தாண்டியதும் முகம் உள்ளே திரும்பிவிடுகிறது, கை மட்டும் நேராகப் போகிறது. கோணம் விரிந்துபோய், பிளேடு முடியைத் தொடாமல் மேலேயே போகும் அல்லது விளிம்பில் குத்தும். ஆகவே விளிம்போடு நிறுத்தி ரேசரை எடுத்துவிடுங்கள். பிறகு இடக்கையைக் காதுக்கு முன்னால் வைத்துக் கன்னத்துத் தோலை மேல்நோக்கி இழுத்தால், தாடைக்கு அடியில் இருந்த தோல் எலும்பின் மேல் ஏறி வந்து தட்டையாகும். மேலே வந்த அந்தத் துண்டை வழித்துவிட்டு விடுங்கள், அது தன் இடத்துக்குப் போய்விடும். காதுக்கடியில் மட்டும் தோலைப் பின்பக்கம் இழுத்துக் குறுக்காக வழிக்க வேண்டும்.

தோலை இழுத்துப் பிடிப்பதற்கும் ஒரு அளவு உண்டு. மடிப்பு இல்லாமல் தட்டையாக நின்றால் போதும். முறுக்கி இழுத்தால் முடி தோலுக்கு வெளியே வரும், வெட்டியபின் தோலை விட்டதும் உள்ளே போகும். அடுக்கு பிளேடு செய்த வேலையை நம் விரலே செய்துவிடும். கன்னத்தில் இதைப் பெரிதாகப் பார்க்க வேண்டாம், கழுத்தில் கட்டாயம் பார்க்க வேண்டும்.

மூக்குக்கு அடியில் ரேசரின் தலை நுழைய இடமில்லாததுதான் சிக்கல். மேலுதட்டைப் பற்களுக்கு மேல் கீழ்நோக்கி இழுத்து மடியுங்கள், மூக்கு நுனியை ஒரு விரலால் மேலே தூக்கிச் சற்றுப் பக்கவாட்டில் தள்ளுங்கள். மூடியை மூக்கடியில் ஒட்ட வைத்துக் குட்டையாக இரண்டு இழுப்பு கீழே. அடுத்த சுற்றில் நடுவிலிருந்து கடைவாய்ப் பக்கமாகக் குறுக்கே, இரண்டு பக்கமும் தனித்தனியாக. இங்கே எதிர்ச்சவரம் உதடு வெட்டுப்படும் இடம். கை பழகும்வரை வேண்டாம். கடைவாய் மடிப்புக்கு உள்ளிருந்து நாக்கால் தள்ளிக் கொடுத்தால் மடிப்பு விரியும். கீழுதட்டுக் குழிக்கும் அதே வழி. முகவாய் நுனி உருண்டை என்பதால் ஒரே வீச்சில் சுற்றி வராதீர்கள், நாலு பக்கத்திலிருந்தும் அரை அரை சென்டிமீட்டராக நுனிக்கு வாருங்கள்.

முடிந்ததும் குளிர்ந்த தண்ணீரில் அலசி, படிகாரக் கல்லை நனைத்து முகம் முழுக்கத் தடவி ஒரு நிமிஷத்துக்குள் கழுவிவிடுங்கள். படிகாரம் எங்கே எரிகிறதோ அங்கே அழுத்தியிருக்கிறீர்கள் அல்லது ஒரே இடத்தில் பலமுறை இழுத்திருக்கிறீர்கள். நாளைக்குக் கையைத் திருத்திக்கொள்ள அதைவிட நல்ல அடையாளம் கிடையாது. ஸ்பிரிட் வாசனை லோஷன் வேண்டாம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மார்கழி, தை மாதங்களில் தோலை உலர்த்தியெடுக்கும் ஊரில் இருக்கிறீர்கள். வாசனையில்லாத மாய்ஸ்சரைசர் கொஞ்சம் தடவுங்கள். பைக்கில் கஞ்சிக்கோடு போகிறவரானால் ஹெல்மெட் பட்டை உரசுவது சரியாகத் தாடைக்கடியில். அதனால் சவரத்துக்கும் ஹெல்மெட்டுக்கும் இடையில் அரைமணி நேரமாவது விடுங்கள். முடியாவிட்டால் முந்தின இரவே சவரத்தை முடிப்பது நல்லது. தாடி ஒரு நாளைக்கு அரை மில்லிமீட்டருக்கும் குறைவாகத்தான் வளரும், காலையில் பளிச்சென்று தெரியாது. ஹெல்மெட் பட்டையை வாரம் ஒருமுறை சோப்புப் போட்டுத் துவைக்கவும் வேண்டும்.

உள்ளே சுருண்ட முடி கண்ணுக்குத் தெரிந்தால் பிடுங்காதீர்கள். பிடுங்கினால் அடுத்து வளர்வதும் உள்ளேயே திரும்பும். வெந்நீர்த் துணி வைத்தபின் தோல் மிருதுவாகி, முடி தானாக வளையம் போல் மேலே வந்தால், சுத்தமான ஊசி நுனியால் அந்த வளையத்தை மட்டும் தூக்கி விடலாம். 2 சதவீதம் சாலிசிலிக் அமிலம் உள்ள முகக் கழுவி வாரத்தில் இரண்டு மூன்று நாள் கழுத்துக்கு உதவும், சவரம் செய்த உடனே மட்டும் வேண்டாம். மெடிக்கல் ஷாப்பில் சொறி, படை எல்லாவற்றுக்கும் என்று தரும் ஸ்டீராய்டு கலந்த களிம்பை முகத்தில் தடவவே கூடாது. இரண்டு நாளில் சிவப்பு மறையும், பிறகு தோல் மெலிந்து பருவும் படையும் கிளம்பும். பொரியில் சீழ் கட்டினாலோ, கல் போல் தடித்தாலோ, வட்டமாகப் படர்ந்து அரித்தாலோ அது சவரப் பொரி மட்டுமல்ல; கத்தியை நிறுத்திவிட்டுச் சித்தூர் தாலுகா ஆஸ்பத்திரியிலோ ஒரு தோல் மருத்துவரிடமோ காட்டுங்கள்.

இடையில் சலூனுக்குப் போனால் உங்கள் கண்முன் பாக்கெட் பிரித்துப் புது பிளேடை உடைத்துக் கத்தியில் போடச் சொல்லுங்கள். பிளேடைப் பார்க்கிறவர்கள் படிகாரக் கல்லைப் பார்ப்பதில்லை. ஒருவர் ரத்தம் பட்ட கல்லை அடுத்தவர் முகத்தில் தேய்ப்பதும் அதே ஆபத்துதான், ஹெபடைடிஸ் பி கிருமி உடம்புக்கு வெளியே ஒரு வாரம்வரைகூடத் தாக்குப் பிடிக்கும். கல் வேண்டாம் என்று சொல்லுங்கள், அல்லது உங்கள் கல்லைக் கையோடு கொண்டுபோங்கள். சொன்னால் நல்ல தொழிலாளி யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

வீட்டில் கழற்றிப் போடும் பழைய பிளேடை பிளாஸ்டிக் குப்பையோடு சேர்க்க வேண்டாம், வீடு வீடாகக் குப்பை எடுக்க வரும் ஹரித கர்ம சேனைப் பெண்கள் அதைக் கையால் பிரிக்கிறார்கள். ஒரு தகர டப்பாவின் மூடியில் கீறல் போட்டு அதற்குள் போட்டு வாருங்கள். நிறைந்ததும் மூடியை டேப் சுற்றி, உள்ளே பிளேடு என்று எழுதித் தனியாகக் கொடுங்கள்.